பச்சையை மட்டும் எண்ணினேன்

ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் நான் ஒரு எண்ணைக்கூட இட்டுக்கட்டி எழுதியதில்லை. இதை என் தரப்பு வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொய்யான எண் ஒன்றுகூட இல்லாமல் பொய்யான முடிவுக்குப் போய்ச் சேர முடியும் என்பதற்கு நானே சாட்சி.

சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். நீரிழிவு நோயாளிகளுக்குப் பொருத்தப்படும் கணையத் தீவுகளைப் பொதிந்து காப்பதற்காக ஒரு ஜெல் செய்தேன். அந்த ஜெல்லைக் கெட்டிப்படுத்தும் முறையே தீவுகளைக் கொன்றது. கொல்கிறது என்பதற்கான தடயங்கள் என் மேசையிலேயே கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லி ஓரம் தள்ளினேன். பிறகு, ‘செல்களுக்கு உகந்த பொருள்’ என்று கட்டுரை எழுதி, அதில் என் பெயரை முதலில் போட்டுக்கொண்டேன்.

என்ன செய்தேன் என்பது புரிய வேண்டுமானால் தீவுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணையத்தின் பெரும்பகுதி செரிமான நீர் சுரக்கும் திசு. அதற்குள் அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு செல் கொத்துகளை 1869-ல் பெர்லினில் மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் தன் ஆய்வேட்டில் விவரித்தார். அவை எதற்கு இருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் இருப்பது அந்தத் தீவுகளில்தான். எடையில் அவை கணையத்தின் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு. ஆனால் கணையத்துக்கு வரும் ரத்தத்தில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கை அவையே வாங்கிக்கொள்கின்றன. ஆக்சிஜன் இல்லாமல் அவற்றால் கொஞ்ச நேரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. முதல் வகை நீரிழிவில் உடலின் எதிர்ப்பு மண்டலமே இந்த பீட்டா செல்களைத் தேடித் தேடி அழிக்கிறது.

2000-ல் கனடாவின் எட்மன்டன் நகரில் ஜேம்ஸ் ஷாபிரோ குழுவினர், இறந்தவர்களின் கணையத்திலிருந்து பிரித்தெடுத்த தீவுகளை ஏழு நோயாளிகளின் கல்லீரலுக்குள் செலுத்தியதை அறிவித்தார்கள். ஏழு பேருமே இன்சுலின் ஊசியை நிறுத்தியிருந்தார்கள். அதே முறையைப் பல நாட்டு மருத்துவமனைகளில் 36 பேருக்குச் செய்து 2006-ல் முடிவை வெளியிட்டபோது உற்சாகம் அடங்கியது. ஓராண்டுக் கடைசியில் ஊசியில்லாமல் இருந்தவர்கள் 16 பேர். இரண்டாண்டுக் கடைசியில் அந்தப் பதினாறு பேரில் ஐந்து பேர். அதற்கும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை விடாமல் சாப்பிட வேண்டியிருந்தது. அவற்றில் சில பீட்டா செல்லுக்கே ஆகாதவை.

மருந்து இல்லாமல் இதைச் செய்ய ஒரு வழி அதற்கு முன்பே யோசிக்கப்பட்டிருந்தது. 1980-ல் ஃபிராங்க்ளின் லிம், அந்தோணி சன் என்ற இருவர், கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் ஜெல்லுக்குள் எலியின் தீவுகளைப் பொதிந்து, நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு வைத்தார்கள். இரண்டு மூன்று வாரம் சர்க்கரை கட்டுக்குள் நின்றது. கணக்கு எளிமையாகத் தெரிந்தது: உறையின் துளைகள் இன்சுலினை வெளியே விட வேண்டும், சர்க்கரையையும் ஆக்சிஜனையும் உள்ளே விட வேண்டும், எதிர்ப்புச் செல்களையும் ஆன்டிபாடிகளையும் தடுக்க வேண்டும். ஆன்டிபாடியின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 1,50,000. இன்சுலின் 5,800. இரண்டுக்கும் நடுவே எங்கேயாவது துளையின் அளவை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நம்பினோம்.

கொசுவலை கொசுவைத் தடுக்கும், புகையைத் தடுக்காது. ஆக்சிஜன் மூலக்கூறின் எடை 32. நைட்ரிக் ஆக்சைடு 30. ஹைட்ரஜன் பெராக்சைடு 34. முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் தடுக்கும் துளை எந்த ஜெல்லிலும் கிடையாது. உறைக்கு வெளியே எரிச்சலுற்ற மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்புச் செல்கள் கூடி நின்றால், அவை உள்ளே நுழைய வேண்டியதே இல்லை. அவை உமிழும் நைட்ரிக் ஆக்சைடும் பெராக்சைடும் நுழைந்தால் போதும்.

வேறு பல திசுக்கள் இதைத் தாங்கிவிடும். பீட்டா செல்லால் தாங்க முடியாது. ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற இரண்டு நொதிகளும் அதில் மிகவும் குறைவு. ஜெர்மனியில் சிகுர்ட் லென்சன் குழு 1996-ல் சுண்டெலித் தீவுகளில் இதைத் தெளிவாகக் காட்டியது. மனிதத் தீவுகள் எலித் தீவுகளைவிடச் சற்று உறுதியானவை. ஆனாலும் கல்லீரல் செல்லோடு ஒப்பிட முடியாது. அதற்கும் மேலே, நம் கைக்கு வரும் தீவுகள் ஏற்கெனவே அடிபட்டவை. கணையத்துக்கு ரத்த ஓட்டம் நின்றது, குளிரில் வைத்தது, கொலாஜினேஸ் ஊற்றித் திசுவைக் கரைத்தது, குலுக்கியது, ரத்த நாளங்களிலிருந்தும் அடிச்சவ்விலிருந்தும் பிய்த்தது என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஏறிக்கொண்டே வந்திருக்கும்.

இவ்வளவும் அப்போதே எனக்குத் தெரியும். என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முன்னுரையில் லென்சனின் கட்டுரையை மேற்கோள் காட்டி ஒரு பத்தியே எழுதியிருந்தேன். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. எலிகளுக்கு நீரிழிவு வரவழைக்க நாங்கள் அலாக்ஸன் ஊசி போடுவோம். அந்த மருந்து பீட்டா செல்லுக்குள் புகுந்து ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்கி அதைக் கொல்கிறது. தற்காப்பு நொதி குறைவாக இருப்பதால்தான் அந்தச் செல் சாகிறது. அலாக்ஸன் பீட்டா செல்லைக் கொல்லும் என்பது 1943 முதலே தெரிந்த சங்கதி. பீட்டா செல்லின் இந்தப் பலவீனத்தை என் ஒவ்வொரு சோதனையின் முதல் படியிலும் ஆயுதமாகப் பயன்படுத்திவிட்டு, ஜெல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அதை மறந்தேன். மறந்தேன் என்பதும் சரியான சொல் அல்ல. நினைக்காமல் இருந்தேன்.

ஆல்ஜினேட்டை நான் ஒதுக்கியதற்கு நல்ல காரணங்களும் இருந்தன. அது கடற்பாசியின் சரக்கு. தொகுதிக்குத் தொகுதி மாறும். சரியாகச் சுத்திகரிக்காவிட்டால் பாக்டீரியா நச்சுகளும் பாலிஃபீனால்களும் கூடவே வந்து அழற்சியைத் தூண்டும். மேற்பூச்சாகப் பூசிய பாலிலைசின் அதற்குமேல் தொல்லை. நல்லதல்லாத காரணங்களும் இருந்தன. ஆல்ஜினேட் பழைய பொருள். அதில் வேலை செய்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று பயந்தேன். பாலிஎத்திலீன் கிளைக்கால் டைஅக்ரிலேட் சுத்தமானது, ஒவ்வொரு தொகுதியும் ஒரே மாதிரி இருக்கும், புரதம் ஒட்டாது, கடினத்தை நம் விருப்பப்படி கூட்டிக் குறைக்கலாம். புற ஊதா விளக்கைப் போட்டால் திரவம் கண் முன்னே ஜெல்லாகும். கருத்தரங்கில் அந்தக் காணொளியைக் காட்டினால் அரங்கு நிமிர்ந்து உட்காரும். என் கைக்கு எது சௌகரியம், என் பெயருக்கு எது லாபம் என்று பார்த்துத்தான் பொருளைத் தேர்ந்தெடுத்தேன். தீவுக்கு எது தாங்கும் என்ற கேள்வியைக் கடைசியில் வைத்தேன்.

அந்த ஜெல் எப்படிக் கெட்டியாகிறது என்று பாருங்கள். கரைசலில் இர்காக்யூர் என்ற ஒளித்தூண்டியைக் கலப்போம். 365 நானோமீட்டர் ஒளி பட்டதும் அது உடைந்து ஃப்ரீ ராடிக்கல்களாகும். அவை அக்ரிலேட் முனைகளைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு போகும். ஆனால் கரைந்திருக்கும் ஆக்சிஜன் முதலில் வந்த ராடிக்கல்களைப் பிடித்துப் பெராக்சி ராடிக்கல்களாக மாற்றிவிடும். அந்த ஆக்சிஜன் தீரும்வரை சங்கிலி நீளாது. எனவே தூண்டியைக் கூட்டுவேன், அல்லது விளக்கை இன்னும் கொஞ்ச நேரம் எரிய விடுவேன். அதாவது, தீவைச் சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்த்து, பெராக்சைடுகளை அங்கேயே விட்டுவைத்த பிறகுதான் என் ஜெல் உறையும். பெராக்சைடை உடைக்கத் திராணியில்லாத செல்லை அதன் நடுவில் உட்கார வைத்திருந்தேன்.

இனி சமாதானங்களின் பட்டியல்.

முதலில் நான் சோதித்தது தீவுகளில் அல்ல, மின்6 என்ற செல் வரிசையில். சுண்டெலியின் பீட்டா செல் புற்றிலிருந்து ஜப்பானில் உருவாக்கப்பட்டு 1990-ல் அறிவிக்கப்பட்டது அது, உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். அந்தச் செல்களின் வளர்ப்பு ஊடகத்தில் 50 மைக்ரோமோலார் அளவுக்கு மெர்காப்டோஎத்தனால் சேர்ப்பது வழக்கம். முட்டை அழுகியது போல நாறும் அந்தத் திரவம், ஆக்சிஜனேற்றத்தைத் தணிக்கும் பொருள். அதை என் கையாலேயே அளந்து ஊற்றிவிட்டு, அந்த ஊடகத்தில் வைத்த செல்கள் ஜெல்லுக்குள் பிழைத்திருப்பதைக் காட்டி, ‘ஆக்சிஜனேற்றச் சேதம் குறிப்பிடும்படி இல்லை’ என்று எழுதினேன். மனித உடலில் மெர்காப்டோஎத்தனால் இல்லை. இந்த ஒரு வரியைக் கட்டுரையில் சேர்த்திருந்தால், படிப்பவர்கள் அவர்களாகவே முடிவுக்கு வந்திருப்பார்கள். செய்முறைப் பகுதியில் அந்த வேதிப்பொருளின் பெயர் இருந்தது. அது எதற்கு என்று எழுதவில்லை.

அடுத்தது சாயம். செல் உயிரோடிருந்தால் பச்சை, செத்திருந்தால் சிவப்பு என்று காட்டும் இரட்டைச் சாயம் எல்லா ஆய்வுக்கூடத்திலும் உண்டு. தீவுகளைப் பொதிந்த மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் பச்சை நிறைய, சிவப்பு கொஞ்சம். அந்த விகிதத்தைத்தான் உயிர்பிழைப்பு விகிதம் என்று எழுதினேன். ஆனால் ஜெல்லுக்குள் போன தீவுகளுக்கும் மறுநாள் கண்ணில் பட்ட தீவுகளுக்கும் எண்ணிக்கையில் நல்ல வித்தியாசம் இருந்தது. காணாமல் போனவை சிதைந்து, டி.என்.ஏ.வும் கரைந்து, கழுவும் நீரோடு போயிருந்தன. முழுதாகச் செத்துப் பொடிந்த தீவு சிவப்பாகக்கூடத் தெரியாது. அதை எண்ணுவதற்கு ஒரு இடம் என் அட்டவணையில் இல்லை. ‘கையாளும்போது ஏற்படும் இழப்பு’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆல்ஜினேட்டில் பொதியும்போதும் இதே கைகள்தான் கையாண்டன. அங்கே இழப்பு குறைவாக இருந்தது. இந்த ஒப்பீட்டைச் செய்யப் பேனாவும் தாளும் போதும். செய்யவில்லை.

மூன்றாவது, ஒரு விகிதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. தீவு வேலை செய்கிறதா என்று பார்க்க, குறைந்த சர்க்கரையில் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது, அதிகச் சர்க்கரையில் எவ்வளவு சுரக்கிறது என்று அளந்து இரண்டாவதை முதலாவதால் வகுப்போம். தூண்டல் குறியீடு என்று பெயர். பாதித் தீவுகள் செத்துவிட்டால் இரண்டு அளவுகளும் பாதியாகும். வகுத்தால் வருவது அதே எண். என் குறியீடு அழகாக இருந்தது. மொத்த இன்சுலினின் அளவு எவ்வளவு விழுந்திருந்தது என்பதைத் துணைத் தாளில்கூடக் கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

இந்த மூன்றையும் அசட்டை என்று யாராவது மன்னிக்கலாம். நான்காவதை மன்னிக்க எனக்கே வழி தெரியவில்லை.

நீரிழிவு உண்டாக்கிய சுண்டெலிகளின் வயிற்றுக்குள், தீவுகளைப் பொதிந்த இந்த ஜெல் கேப்ஸ்யூல்களை வைத்தோம். சர்க்கரை இறங்கியது, பிறகு மெல்ல ஏறியது. எதிர்ப்பு மண்டலம் தாக்கியிருக்கும் என்று சொல்வது துறையில் எல்லோருக்கும் வாயில் தயாராக இருக்கும் பதில். எதிர்ப்பு மண்டலமே சரியாக இல்லாத ஒரு சுண்டெலி வகையிலும் ஒப்பீட்டுக்காகச் சிலவற்றுக்கு வைத்திருந்தோம். அவற்றிலும் அதேபோல ஏறியது. கேப்ஸ்யூல்களை வெளியே எடுத்தபோது மேற்பரப்பு பளிச்சென்று இருந்தது. நாரிழையோ ஒட்டிய செல்களோ இல்லை. உள்ளே தீவுகளின் மையம் கறுத்துக் கிடந்தது. வெளியிலிருந்து யாரும் தாக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

குறிப்பேட்டில் அந்தச் சுண்டெலிகளுக்கு எதிரே, ‘அறுவையில் தொழில்நுட்பக் கோளாறு, விலக்கு’ என்று எழுதினேன். அறுவை செய்தவனும் நான்தான். கோளாறு எதுவும் நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். விலக்கப்பட்ட விலங்குகளின் எண்ணிக்கையைக் கட்டுரையில் தெரிவித்திருந்தேன். அதனால் அதுவும் பொய் ஆகாது என்று அன்றைக்கு எனக்குள் ஒரு வக்கீல் வாதாடி ஜெயித்தான்.

எதற்காக? எங்கள் நிதி விண்ணப்பத்தின் தலைப்பிலேயே ‘எதிர்ப்புத் தடுப்பு உறை’ என்று இருந்தது. எதிரி வெளியில் இருந்தால்தான் உறைக்கு வேலை. சாவு உறைக்குள்ளேயே, உறை கெட்டியாகும் அந்தச் சில நிமிடங்களிலேயே தொடங்குகிறது என்றால், நான் விற்க வந்த சரக்கே குற்றவாளி. யாரும் என்னை மிரட்டவில்லை. மேலே இருந்தவர் எண்களை மாற்றச் சொல்லவில்லை. கெட்ட செய்தியைக் கொண்டுபோனால் அவர் முகம் வாடும் என்று நானே கற்பனை செய்துகொண்டேன். அந்தக் கற்பனையே போதுமாக இருந்தது.

கட்டுரை வெளிவந்து சில காலம் கழித்து, வேறொரு நாட்டிலிருந்து ஓர் இளம் ஆய்வாளர் மின்னஞ்சல் அனுப்பினார். எங்கள் செய்முறையை வரி பிசகாமல் பின்பற்றியதாகவும், தீவுகளில் பாதி மறுநாள் கிடைப்பதே இல்லை என்றும், எதைத் தவறாகச் செய்கிறோம் என்று தெரியவில்லை என்றும் மிகவும் பணிவாகக் கேட்டிருந்தார். பதில் எனக்குத் தெரியும். நான் எழுதியது வேறு: ‘உங்கள் தீவுகளின் தரத்தைச் சரிபாருங்கள். பிரித்தெடுக்கும் முறையில் குறை இருக்கலாம்.’ நன்றி சொல்லிப் பதில் வந்தது. அதன்பின் அவர் எத்தனை மாதம் தன் கைகளையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. என் பொய்களில் இன்னொருவருக்கு நேராக எழுதி அனுப்பியது அது ஒன்றுதான். அதுவும் ஒரு தனி மனிதரிடம்.

இந்தப் பொய் உடைந்தது என் மனசாட்சியால் அல்ல. புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவி, யாரும் சொல்லாமலேயே, நான்கு கிண்ணங்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒன்றில் தீவுகள் மட்டும். ஒன்றில் தீவுகளோடு ஒளித்தூண்டி, விளக்கு இல்லை. ஒன்றில் விளக்கு, தூண்டி இல்லை. கடைசியில் இரண்டும் சேர்ந்து. ஜெல் செய்யும் பாலிமர் எதிலும் இல்லை. பிறகு ஒவ்வொரு கிண்ணத்திலும் பச்சை சிவப்பு பார்க்காமல் மிஞ்சியிருக்கும் டி.என்.ஏ.வை அளந்தார், ஒரு டி.என்.ஏ. அளவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் உட்கொள்ளப்படுகிறது என்று பார்த்தார். முதல் மூன்றும் ஓரளவு ஒத்திருந்தன. நான்காவது விழுந்து கிடந்தது. வரைபடத்தை என் மேசையில் வைத்துவிட்டு, “இதை முன்னாடி யாராவது செஞ்சிருக்காங்களா?” என்று கேட்டார். ஒரு பிற்பகல் வேலை அது. இத்தனை காலமும் அதை நான் செய்யாததற்குக் காரணம், என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருந்ததுதான்.

அதற்குப் பிறகுதான் துறையில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைப் பொறாமையில்லாமல் படித்தேன். அதே பாலிஎத்திலீன் கிளைக்காலை ராடிக்கலே இல்லாமல், தயோலும் மாலிமைடும் கைகோக்கும் வினையால் உறைய வைக்க முடியும். தயோலையும் நார்போர்னீனையும் வைத்தால் ஒளி தேவை, ஆனால் ஆக்சிஜன் அவ்வளவாகக் குறுக்கே நிற்காது. ராடிக்கலும் குறைவாகப் போதும். நான் ஏளனம் செய்த ஆல்ஜினேட் கால்சியமோ பேரியமோ பட்ட உடனே ராடிக்கல் எதுவுமில்லாமல் உறையும். அதன் குறைகளையும் சிலர் பொறுமையாகச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகக் குழு ஒன்று, 2015-ல் ஆல்ஜினேட் கோளத்தின் விட்டத்தை 1.5 மில்லிமீட்டராகப் பெரிதாக்கினால் நாரிழை படிவது குறைகிறது என்று காட்டியது. 2016-ல் வேதிமாற்றம் செய்த ஆல்ஜினேட்டுக்குள், ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய மனித பீட்டா செல்களை எதிர்ப்புச் சக்தி குன்றாத சுண்டெலிகளில் 174 நாள் வேலை செய்ய வைத்தார்கள்.

ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை நேராகவே எதிர்கொண்டவர்களும் உண்டு. ஆல்ஜினேட்டுக்குள் சீரியம் ஆக்சைடு நானோ துகள்களைக் கலந்து, அவை மீண்டும் மீண்டும் ராடிக்கல்களைத் தணிக்கும்படி செரி ஸ்டேப்ளர் குழு முயன்றது. அலபாமாவில் டானிக் அமில மென்படலத்தைத் தீவின் மேலேயே பூசிப் பார்த்தார்கள். ஆக்சிஜன் பற்றாக்குறையைத் தீர்க்க, சிலிக்கோன் ரப்பருக்குள் கால்சியம் பெராக்சைடைப் பொதித்து, ஈரம் பட்டு மெல்ல மெல்ல ஆக்சிஜன் கசியும் வில்லையை மயாமியில் ஸ்டேப்ளரும் உடனிருந்தவர்களும் 2012-ல் செய்தார்கள். கால்சியம் பெராக்சைடு தண்ணீரோடு சேர்ந்தால் முதலில் வருவது ஹைட்ரஜன் பெராக்சைடுதான் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் தண்ணீரை ஒட்டவிடாத ரப்பரைத் தேர்ந்தெடுத்து வினையின் வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். பொருளைத் தேர்ந்தெடுப்பது என்றால் அது. மருந்தாகக் கொடுப்பதே விஷமாகவும் ஆகும் என்று தெரிந்து, அந்த விஷத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்குவது. ராடிக்கலை முழுக்கத் துடைத்துவிடுவதும் சரியல்ல. சர்க்கரை ஏறியதும் பீட்டா செல்லுக்குள் கொஞ்சம் பெராக்சைடு உண்டாகி, அதுவே இன்சுலினைச் சுரக்கச் சொல்லும் சமிக்ஞைகளில் ஒன்றாகவும் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் கதவு திறந்துவிடவில்லை. வெர்டெக்ஸ் நிறுவனம் ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய தீவுகளை உறையில்லாமல், எதிர்ப்பு அடக்கும் மருந்தோடு 12 பேருக்குக் கொடுத்ததில் ஓராண்டில் 10 பேர் இன்சுலினை நிறுத்தியிருந்தார்கள் என்று 2025-ல் அறிவிக்கப்பட்டது. அதே செல்களை மருந்தில்லாமல் ஒரு காப்புக் கருவிக்குள் வைத்த சோதனை, போதிய இன்சுலின் சுரக்காததால் அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஒரே செல், வெளியே இருந்தால் பிழைக்கிறது, நாம் கட்டிய அறைக்குள் வைத்தால் திணறுகிறது. சுவரைப் பற்றி யோசித்த அளவுக்கு உள்ளே இருப்பவரின் மூச்சைப் பற்றி இந்தத் துறை யோசிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் என் பங்கு சிறியதுதான். ஆனால் அது என்னுடையது.

யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். கடைசிக் கட்டத்தில் மனிதத் தீவுகளையும் அந்த ஜெல்லில் போட்டேன். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் உறவினர்கள், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று, ஆராய்ச்சிக்கும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கணையம் அது. எடுத்த தீவுகளில் கணிசமானவை என் விளக்கின் கீழே செத்தன, அதுவும் எதையும் கற்றுத்தராமல். தோற்ற சோதனையைத் தோற்றது என்று எழுதியிருந்தால்கூட அந்தக் கொடைக்கு ஒரு பயன் இருந்திருக்கும்.

பெரியம்மா மகளான என் அக்காவின் பெண்ணுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே முதல் வகை நீரிழிவு. ஊருக்குப் போகும்போதெல்லாம் அக்கா கேட்பாள்: “ஏன்டா, இந்த ஊசி என்னைக்குடா நிக்கும்?” “இன்னும் அஞ்சு வருஷம்க்கா” என்பேன். நீரிழிவுக் குடும்பங்களில் இந்த ஐந்து வருஷம் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் கசப்பான வேடிக்கை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். என் கட்டுரை வந்த வருஷம் அதைக் கொஞ்சம் அடித்தே சொன்னேன். அவள் அந்தப் பத்திரிகைப் பக்கத்தை அச்செடுத்துப் பூஜை அலமாரியில் வைத்திருந்தாள்.

மாணவியின் வரைபடத்தையும், விலக்கிய சுண்டெலிகளின் அளவீடுகளையும், காணாமல் போன தீவுகளின் கணக்கையும் சேர்த்து அந்த ஆய்விதழுக்குத் திருத்தம் எழுதினேன். அது வெளிவந்தது. அந்த இளம் ஆய்வாளரைத் தேடிப்பிடித்து எழுதினேன். அவர் துறையை மாற்றிக்கொண்டிருந்தார். என் ஜெல்தான் காரணமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது எங்கள் ஆய்வுக்கூடத்தில், உள்ளே போன டி.என்.ஏ. எவ்வளவு, திரும்பக் கிடைத்தது எவ்வளவு என்ற இரண்டு எண்களும் இல்லாத எந்தப் படமும் கூட்டத்தில் காட்டப்படுவதில்லை. அக்காவிடம் வருஷக் கணக்கு சொல்வதை நிறுத்திவிட்டேன். அந்த அச்சுத் தாளை எடுத்துவிடச் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை.

நான் இப்போது பார்க்கும் வேலை அந்தக் கட்டுரையைக் காட்டி வாங்கியது. நேர்காணலில் அந்தக் காணொளியைத்தான் ஓட்டினேன். திருத்தம் வந்த பிறகும் யாரும் வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை. நானும் திருப்பிக் கொடுக்கவில்லை. மாறாக, தன் தவற்றைத் தானே வெளியிட்ட நேர்மையானவர் என்று கருத்தரங்குகளில் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். வரைபடத்தை வரைந்தவர் ஒரு மாணவி என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறேன். ஆனால் அந்தப் பாராட்டை நான் மறுத்ததில்லை. இந்த வாக்குமூலத்தில் கடைசியாகச் சேர்க்க வேண்டியது அதுதான்: செய்த தவற்றால் ஒருமுறை லாபம் பார்த்தேன், ஒப்புக்கொண்டதால் இன்னொரு முறை லாபம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.